டாக்டர் திரையில் வந்துவிட்டார்... குரல் வந்ததா?

"ஹலோ டாக்டர்... நான் பேசறது கேட்குதா?"

"அம்மா, உங்க உதடு அசையறது தெரியுது. சத்தம்தான் வரலை."

"எனக்கு நீங்க பேசறது நல்லாவே கேட்குது டாக்டர்... ஹலோ... ஹலோ..."

வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கிற உரையாடல் இது. டாக்டர் ஒதுக்கும் நேரமே பத்துப் பதினைந்து நிமிடம். அதில் பாதி 'ஹலோ'விலேயே போய்விடுகிறது. மீதி நேரத்தில் அவசர அவசரமாக உடம்புக்கு என்ன என்று சொல்லி, அரைகுறையாகக் காதில் விழுந்த மருந்தின் பெயரைக் குறித்துக்கொண்டு, "சரிங்க டாக்டர்" என்று முடித்துவிடுகிறோம்.

வெளிநாட்டில் இருக்கும் மகளோடு பேசும்போது சத்தம் போய்விட்டால், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். டாக்டர் விஷயம் அப்படியல்ல. அவர் 'ஃபிப்டீன்' என்று சொன்னது நம் காதில் 'ஃபிப்டி' என்று விழுந்தால், 15 மில்லிகிராம் மாத்திரை 50 மில்லிகிராம் ஆகிவிடும். 'சாப்பாட்டுக்கு முன்னால்' என்பதில் 'முன்னால்' மட்டும் காற்றோடு போய்விட்டால், மாத்திரை நேரம் மாறிப்போகும்.

கவலை வேண்டாம். இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே இரண்டு மூன்று நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். அதற்குக் கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் வேண்டாம். டாக்டர் நம்மிடம் என்ன செய்கிறார்? முதலில் எங்கே வலி என்று கேட்கிறார். பிறகுதான் மருந்து. அதே முறைதான் இங்கேயும். எங்கே அறுந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகுதான் கை வைக்க வேண்டும். கண்டபடி பட்டன்களை அழுத்தினால் சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்!

படம் தெரியாவிட்டால் மருந்தும் கிடைக்காமல் போகலாம்

தூரத்திலிருந்து வைத்தியம் பார்ப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆந்திராவின் அரகொண்டா கிராமத்தில் 2000-ஆம் ஆண்டிலேயே அப்போலோ மருத்துவமனை இதைத் தொடங்கியது. அரவிந்த் கண் மருத்துவமனை தன் கிராமப்புறக் கண் பரிசோதனை மையங்களில் இருப்பவர்களை, நகரத்தில் இருக்கும் டாக்டரோடு திரை வழியாகப் பேச வைத்துப் பல வருடங்கள் ஆகின்றன.

ஆனால், இது நம் வீட்டுக் கூடத்துக்கே வந்தது கொரோனா காலத்தில்தான். 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அடுத்த மாதமே 'இ-சஞ்சீவனி' என்ற இலவச சேவை வீடுகளுக்குத் திறந்துவிடப்பட்டது. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள்.

அந்த நெறிமுறைகளில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. வீடியோ, வெறும் குரல், எழுத்து என்று மூன்று வழியிலும் டாக்டரிடம் ஆலோசனை பெறலாம். ஆனால், முதல் தடவை பார்க்கும் நோயாளிக்கு, சில மருந்துகளை வீடியோவில் பார்த்த பிறகுதான் எழுத முடியும். தோலில் தடவும் சில களிம்புகள், கண்ணுக்கும் காதுக்குமான சில சொட்டு மருந்துகள் இந்த வகையில் வருகின்றன. ஆக, உங்கள் கேமரா வேலை செய்யவில்லை என்றால் டாக்டர், "நேரில் வாங்க" என்று சொல்ல நேரிடலாம். அது அவருடைய பிடிவாதம் அல்ல, விதி அப்படி.

முதல் கேள்வி: கோளாறு யார் பக்கம்?

நீங்கள் பேசும் ஒரு வார்த்தை டாக்டர் காதுக்குப் போய்ச் சேர ஐந்து படிகளைத் தாண்ட வேண்டும். முதலில் உங்கள் போனில் உள்ள மைக். இரண்டாவது, அந்த மைக்கைப் பயன்படுத்த செயலிக்கு நீங்கள் கொடுத்த அனுமதி. மூன்றாவது, வாட்ஸ்அப், ஜூம், கூகுள் மீட் என்று நீங்கள் பயன்படுத்தும் செயலி. நான்காவது, வைஃபை அல்லது மொபைல் டேட்டா. ஐந்தாவது, டாக்டருடைய ஸ்பீக்கர். இதில் ஒரு படி உடைந்தாலும் குரல் போய்ச் சேராது.

எந்தப் படி என்று எப்படித் தெரியும்? ரொம்ப எளிது.

டாக்டரின் முகமும் குரலும் உங்களுக்குத் தெளிவாக வருகிறது, ஆனால் உங்கள் குரல் மட்டும் அவருக்குப் போகவில்லையா? இன்டர்நெட்டைச் சந்தேகப்படாதீர்கள். பெரும்பாலும் உங்கள் மைக் அல்லது அனுமதிதான் காரணம்.

உங்கள் குரல் அவருக்குக் கேட்கிறது, அவர் குரல் உங்களுக்குக் கேட்கவில்லையா? உங்கள் ஸ்பீக்கர், இல்லையென்றால் அவருடைய மைக்.

இரண்டு பக்கமும் விட்டு விட்டுக் கேட்கிறது, படம் உறைந்து நிற்கிறதா? இப்போது இன்டர்நெட்டைச் சந்தேகப்படலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. போனில் இருக்கும் 'வாய்ஸ் ரெக்கார்டர்' என்ற ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று பேசிப் பதிவு செய்து, திருப்பிப் போட்டுக் கேளுங்கள். தெளிவாகக் கேட்டால் மைக் நன்றாக இருக்கிறது, கோளாறு செயலியிலோ அனுமதியிலோதான். படத்துக்கும் இதே போல! போனின் சாதாரண கேமராவைத் திறந்து பாருங்கள். அங்கே முகம் தெரிந்தால் கேமரா பிழைத்தது.

"நான் பேசறது அவருக்குக் கேட்கலை!"

இந்த வரிசையில் பாருங்கள். ஒவ்வொன்றையும் செய்த பிறகு, "இப்போ கேட்குதா?" என்று கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

1. திரையில் மைக் படத்தின் மேல் குறுக்குக் கோடு இருக்கிறதா? இருந்தால் மைக் மூடப்பட்டிருக்கிறது. ஒரு தடவை தொட்டால் கோடு போய்விடும். பாதி வீடுகளில் பிரச்னை இங்கேயே முடிந்துவிடும்.

2. அனுமதி. முதல் தடவை செயலியைத் திறக்கும்போது, "மைக்கைப் பயன்படுத்தலாமா?" என்று அது கேட்டிருக்கும். நாம் பயந்துபோய் 'வேண்டாம்' என்று அழுத்தியிருப்போம். அது மறக்காது! ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அதில் ஆப்ஸ், அதில் அந்தச் செயலி, அதில் பர்மிஷன்ஸ் என்று போய் மைக்ரோபோனையும் கேமராவையும் அனுமதியுங்கள். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' என்ற பகுதியில் இவை இருக்கும். சில ஆண்ட்ராய்டு போன்களில் மேலிருந்து கீழே இழுத்தால் வரும் பட்டன்களில், மொத்த போனுக்கும் சேர்த்து மைக்கை மூடும் பட்டன் ஒன்று உண்டு. பேரன் விளையாட்டாக அதைத் தொட்டிருக்கலாம், அதையும் பாருங்கள்.

3. புளூடூத். இது ரொம்பப் பொல்லாதது. மாடியில் மகனின் இயர்போன் திறந்து கிடக்கும். கீழே உங்கள் கையில் இருக்கும் போன் அதனோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் இங்கே கத்துவீர்கள். போனோ மாடியில் இருக்கும் மைக்கில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்! புளூடூத்தை அணைத்துவிட்டால் குரல் திரும்பி வந்துவிடும்.

4. நடுவில் சாதாரண அழைப்பு ஏதாவது வந்ததா? அந்த அழைப்பு மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, பிறகு திருப்பிக் கொடுக்காமல் விட்டிருக்கலாம். வீடியோ அழைப்பைத் துண்டித்து மறுபடி சேருங்கள்.

5. மைக் ஓட்டை. பல போன்களில் அடிப்பக்கம் ஒன்று, மேலே ஒன்று என்று சின்ன ஓட்டைகள் இருக்கும். உறை அதை மூடியிருக்கிறதா, விரல் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். தூசி இருந்தால் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மேலாகத் துடைக்கலாம். தயவுசெய்து ஊசியை விட்டுக் குத்தாதீர்கள். காதுக்குள் குச்சி விடுவது மாதிரிதான் அதுவும்.

கம்ப்யூட்டரில் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். லேப்டாப்பில் ஒரு மைக், வெப்கேமில் ஒரு மைக், ஹெட்போனில் ஒரு மைக் என்று மூன்று இருக்கலாம். செயலியின் ஆடியோ பகுதியில் எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். கழற்றி வைத்த ஹெட்போனின் பெயர் அங்கே இருந்தால் உங்கள் குரல் போகாது. பிரவுசர் வழியாகப் பேசுகிறீர்கள் என்றால், முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் சின்னப் படத்தைத் தொடுங்கள். மைக்கும் கேமராவும் 'அனுமதி' என்று இருக்கிறதா என்று தெரியும்.

"அவர் பேசறது எனக்குக் கேட்கலை!"

சத்தத்தைக் கூட்டும் பட்டனை, அழைப்பில் இருக்கும்போதே அழுத்த வேண்டும். போனில் பாட்டுக்கு ஒரு சத்த அளவு, மணியோசைக்கு ஒரு அளவு, அழைப்புக்கு ஒரு அளவு என்று தனித்தனியாக உண்டு. முன்கூட்டியே கூட்டி வைத்தது பாட்டின் சத்தமாக இருந்திருக்கும்!

அடுத்து, ஸ்பீக்கர் படத்தைத் தொட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் காதில் வைத்துக் கேட்கும் மெல்லிய சத்தம்தான் வரும். இங்கேயும் புளூடூத் விளையாடும். காது கேட்கும் கருவி போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் வீட்டில் கூடுதல் கவனம் தேவை. இப்போது வரும் சில கருவிகள் போனோடு புளூடூத்தில் இணைகின்றன. கருவி மேஜை மேல் இருக்க, டாக்டரின் குரல் யாரும் இல்லாத அந்தக் கருவிக்குள் போய்க்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரை டி.வி.யோடு இணைத்திருந்தால், சத்தம் டி.வி.க்குப் போயிருக்கும், டி.வி.யின் சத்தத்தைக் கூட்டிப் பாருங்கள்.

ஊளைச் சத்தமும் எதிரொலியும்

'ஊ...ய்ய்ங்' என்று காது கிழிகிற சத்தம் வருகிறதா? ஒரே அறையில் இரண்டு போன்கள் அதே அழைப்பில் இருக்கின்றன என்று அர்த்தம். ஒன்றின் ஸ்பீக்கரில் வரும் சத்தத்தை இன்னொன்றின் மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. அது மறுபடி ஸ்பீக்கரில் வருகிறது. கல்யாண மண்டப மைக் செட்டில் கேட்போமே, அதே கதைதான். ஒரு போனில் மைக்கையும் சத்தத்தையும் அணைத்துவிட்டால் நின்றுவிடும்.

உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பிக் கேட்டால், அது பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக் கோளாறு. அவருடைய மைக் உங்கள் குரலை அவருடைய ஸ்பீக்கரிலிருந்து பிடிக்கிறது. அவர் சத்தத்தைக் குறைத்தாலோ இயர்போன் மாட்டிக்கொண்டாலோ சரியாகும்.

குரல் விட்டு விட்டு வருகிறதா?

நாம் பேசும் குரலையும் முகத்தையும் செயலி சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. வழியில் சில பொட்டலம் தொலைந்தால் வார்த்தை உடைகிறது. தாமதமாக வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசிவிட்டு, "நீங்க சொல்லுங்க", "இல்லை, நீங்க சொல்லுங்க" என்று நிற்கிறோம். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது உலகத் தொலைத்தொடர்பு அமைப்பின் கணக்கு. அதாவது ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு! அதற்கு மேல் போகப் போகத் தடுமாற்றம்தான்.

என்ன செய்யலாம்?

படத்தை நிறுத்துங்கள், குரல் பிழைக்கும். குரலுக்கு வேண்டிய இன்டர்நெட் ரொம்பக் கொஞ்சம். ஜூம் நிறுவனத்தின் கணக்குப்படி, இருவர் பேசும் நல்ல வீடியோவுக்கு விநாடிக்கு 600 கிலோபிட் வேண்டும். குரலுக்கு மட்டும் என்றால் 60 முதல் 80 கிலோபிட் போதும். ஆகவே டாக்டர் முகத்தைக் காட்டச் சொல்லும்போது மட்டும் கேமராவைத் திறந்துவிட்டு, மற்ற நேரத்தில் குரலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

வைஃபை பெட்டி இருக்கும் அறைக்கே போய் உட்காருங்கள். நடுவில் இரண்டு சுவர் வந்தாலே பலம் குறையும். அந்த நேரத்தில் வீட்டில் மற்றவர்கள் சினிமா பார்ப்பதையும், பெரிய பெரிய வீடியோக்களை அனுப்புவதையும் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

சமையலறையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். மைக்ரோவேவ் அடுப்பும், பல வைஃபை பெட்டிகளும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் வேலை செய்கின்றன. அடுப்பில் குழம்பு சூடாகும்போது பேச்சு திக்கித் திக்கி வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வைஃபை பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பும் இருந்தால் அதற்கு மாறிக்கொள்ளலாம்.

திரை கறுப்பாக இருக்கிறதே!

இதற்கும் வரிசை உண்டு. முதலில் கேமரா படத்தின் மேல் குறுக்குக் கோடு இருக்கிறதா? அடுத்து, அனுமதி. மூன்றாவதாக, இன்னொரு செயலி கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா? கேமரா பொதுவாக ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் வேலை செய்யும். மற்ற செயலிகளை எல்லாம் மூடிவிட்டு மறுபடி பாருங்கள்.

லேப்டாப்பில் இன்னும் இரண்டு இடங்கள். சில லேப்டாப்பில் கேமராவுக்கு மேல் நகர்த்தும் சின்ன மூடி இருக்கும். யாரோ அந்தரங்கப் பாதுகாப்புக்காக அதை மூடியிருப்பார்கள். அல்லது ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். வேறு சிலவற்றில் கீபோர்டின் மேல் வரிசையில் கேமரா படம் போட்ட விசை இருக்கும். கை பட்டால் கேமரா அணைந்துவிடும்.

தனியாக மாட்டும் வெப்கேமாக இருந்தால், வயரைப் பிடுங்கி இன்னொரு துளையில் மாட்டுங்கள். எதுவும் நடக்கவில்லையா? எல்லாவற்றையும் மூடிவிட்டு, போனையோ கம்ப்யூட்டரையோ அணைத்து மறுபடி போடுங்கள். சிரிக்காதீர்கள்! மாட்டிக்கொண்டு நிற்கும் செயலிகள் எல்லாம் இதில் விடுபட்டுவிடும்.

ஒன்று நினைவிருக்கட்டும். புதிய போன்களில் கேமரா ஓடும்போது திரையின் மேல் ஓரத்தில் சின்னப் பச்சைப் புள்ளி தெரியும். பேசி முடித்த பிறகும் அது எரிந்தால், ஏதோ ஒரு செயலி கேமராவையோ மைக்கையோ இன்னும் விடவில்லை என்று அர்த்தம். மூடிவிடுங்கள்.

முகம் தெரிந்தால் போதுமா?

போதாது. டாக்டர் உங்கள் முகத்தைப் பார்ப்பது சௌக்கியம் விசாரிக்க மட்டும் அல்ல. கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாக இருக்கிறதா, கீழ் இமையின் உள்பக்கம் வெளுத்திருக்கிறதா, உதடு நீலம் பாரித்திருக்கிறதா, தோலில் இருப்பது சிவப்பா கறுப்பா என்று பார்க்கிறார். அதற்கு நிறம் சரியாகத் தெரிய வேண்டும்.

மஞ்சள் பல்பின் கீழே உட்கார்ந்தால் எல்லோருக்கும் மஞ்சள்காமாலைதான்! போதாக்குறைக்கு, போன் தானாகவே நிறத்தைத் திருத்தும். இருக்கிற மஞ்சளையும் அது அழித்துவிடலாம். ஆகவே, பகல் வெளிச்சம்தான் நல்லது. ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் நிழலாகிவிடும்.

முகத்தை அழகாக்கும் வசதி சில போன்களிலும் செயலிகளிலும் உண்டு. அதை அணைத்துவிடுங்கள். பருவையும் தடிப்பையும் மறைப்பதுதான் அதன் வேலை. டாக்டர் பார்க்க வேண்டியதும் அதுதானே! பின்னணியை மங்கலாக்கும் வசதியும் வேண்டாம். கையைத் தூக்கிக் காட்டும்போது கையையே பின்னணி என்று நினைத்து அழித்துவிடும்.

லென்ஸை ஒரு மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். எண்ணெய்க் கை பட்ட கேமராவில் எல்லாமே பனிமூட்டம்தான்.

தோல் தடிப்பு, புண், வீக்கம் என்றால் வீடியோவை மட்டும் நம்ப வேண்டாம். வீடியோ அழைப்பில் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். பகல் வெளிச்சத்தில், பின்பக்கக் கேமராவில், கொஞ்சம் தள்ளி ஒன்று, அருகில் ஒன்று என்று போட்டோ எடுத்து டாக்டர் சொல்லும் வழியில் அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தால் அளவும் தெரியும்.

குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது என்று தோன்றினால், டாக்டர் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணப் பார்ப்பார். படம் உறைந்து உறைந்து ஓடினால் எண்ணிக்கை தப்பிவிடும். குழந்தை அமைதியாக இருக்கும்போது, சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து முழுசாக 1 நிமிடம் நீங்களே எண்ணி வையுங்கள்; அதையே வீடியோவாகவும் எடுத்து வையுங்கள்.

சத்தத்திலும் இப்படி ஒன்று உண்டு. சுற்றுப்புற இரைச்சலைக் குறைக்கும் வசதி செயலிகளில் இருக்கிறது. பேச்சை மட்டும் விட்டு, மற்றதை எல்லாம் அமுக்குவது அதன் குணம். குழந்தையின் வறட்டு இருமலையும் மூச்சிரைப்பையும் அது அமுக்கிவிடலாம். டாக்டர், "இருமலைக் கேட்கணும்" என்றால் ஒலிப்பதிவு செய்து அனுப்புவதே நல்லது.

பாட்டிக்கு ஏன் பாதிதான் புரிகிறது?

"சத்தம் வருது, ஆனா என்ன சொல்றாருன்னு புரியலையே" என்பார்கள் பெரியவர்கள். அவர்கள் சொல்வது நிஜம். வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். 'ஸ', 'ஃப', 'த' போன்ற மெய்யொலிகளை அடையாளம் காட்டுவது அந்த ஒலிகள்தான். 'ஆ', 'ஓ' என்ற உயிரொலிகள் நன்றாகக் கேட்கும். அதனால் ஆள் பேசுவது கேட்கும், வார்த்தை பிடிபடாது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இரைச்சல்தான் கூடும், தெளிவு கூடாது.

சாதாரணத் தொலைபேசி இணைப்பு பழைய முறைப்படி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகிறது. நல்ல வீடியோ அழைப்பு அதைவிட அதிகம் கடத்தும். உதட்டசைவும் தெரியும். ஆக, இணைப்பு நன்றாக இருக்கும் வரை பெரியவர்களுக்கு வீடியோதான் நல்லது. ஃபேனைக் குறையுங்கள், டி.வி.யை அணையுங்கள். காது கேட்கும் கருவி இருந்தால் அதன் பேட்டரியை முன்பே சரிபாருங்கள். டாக்டரை மெதுவாகப் பேசச் சொல்லத் தயங்க வேண்டாம்.

முக்கியமாக, திருப்பிச் சொல்லுங்கள். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னால, அஞ்சு நாள். சரிதானே டாக்டர்?" எண்களை ஒவ்வொரு இலக்கமாகக் கேளுங்கள். "ஒண்ணு-அஞ்சா, அஞ்சு-சைபரா?" என்றால் 15-க்கும் 50-க்கும் குழப்பமே வராது. கடைசியில் மருந்துச் சீட்டை வாங்காமல் அழைப்பை முடிக்காதீர்கள். காதில் விழுந்ததை நம்பி மருந்துக் கடைக்குப் போகக் கூடாது.

அரை மணிக்கு முன்னால்...

* போனில் சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும். சார்ஜர் பக்கத்தில் இருக்கட்டும்.

* வீட்டில் இன்னொருவரை அதே செயலியில் அழைத்து, குரலும் படமும் போகிறதா என்று பாருங்கள். அவர் வேறு அறையில் இருக்கட்டும்!

* போனைக் கையில் பிடிக்க வேண்டாம். புத்தகங்களை அடுக்கி, கண் மட்டத்துக்கு வைத்துச் சாய்த்து வையுங்கள்.

* சாப்பிடும் மாத்திரை அட்டைகள், பழைய ரிப்போர்ட்டுகள், வெப்பமானி, பி.பி. மெஷின், காகிதம், பேனா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

* இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்று முதல் நிமிடத்திலேயே டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். "கட் ஆனா இந்த நம்பருக்கே சாதாரண போன்ல கூப்பிடுங்க டாக்டர்" என்று ஒரு வார்த்தை போதும்.

* சரிசெய்ய 3 நிமிடம் மட்டும் செலவழியுங்கள். அதற்குள் முடியவில்லை என்றால் சாதாரண போனுக்கு மாறுங்கள். டாக்டரின் நேரம் உங்கள் உடம்புக்கு, போனுக்கு அல்ல.

சில சந்தேகங்கள்

பழைய கம்ப்யூட்டரில் ஸ்கைப் வைத்திருந்தோம். திறக்கவே மாட்டேன் என்கிறதே?

அந்தச் சேவை 2025 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது. கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. டாக்டரின் கிளினிக் எந்தச் செயலியைப் பயன்படுத்துகிறது என்று கேட்டு, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"சரிசெய்து தருகிறோம், இந்தச் செயலியைப் போடுங்கள்" என்று யாராவது போன் செய்தால்?

போடாதீர்கள். உங்கள் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் செயலியாக அது இருக்கலாம். வங்கிக் கணக்கே காலியாகிவிடும். ஓ.டி.பி. எண்ணையும் யாருக்கும் சொல்லக் கூடாது. உதவி வேண்டுமானால், கிளினிக்கின் எண்ணுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள்.

எதற்கெல்லாம் வீடியோவை நம்பக் கூடாது?

நெஞ்சு வலி, திடீரென்று வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறுதல், கடுமையான மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவு தப்புதல், நிற்காத ரத்தப்போக்கு. இவற்றுக்கு மைக்கும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

மற்ற நேரத்தில் இந்தப் பக்கத்தைக் கிழித்து, போன் சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வீட்டில் இளையவர்கள் இல்லாத நேரத்தில், பெரியவர்கள் தாங்களே பார்த்துச் சரிசெய்துகொள்ள உதவும்.